‘விவரம் இல்லை’ என்று நீ எழுதிய இடத்தில்

அன்புள்ள கவின்,

கண்காட்சியில் செய்ததற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை தேடிப் பார்த்து நீ ஏமாற வேண்டாம். மூன்று வாரமாக நீ வீட்டுக்கு வரவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. நீ கடைசியாக அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "ஏன்மா இப்படி செஞ்சீங்க? எல்லாருக்கும் முன்னாடி." நான் செய்தது தப்பு என்று நீ அதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்னாடி செய்ததுதான் உனக்குத் தாங்கவில்லை. அதனால் இந்தக் கடிதத்தையும் எல்லாருக்கும் முன்னாடியே எழுதுகிறேன். உங்கள் கல்லூரித் தமிழ்க் கழக மலருக்குப் பெற்றோர்களும் எழுதலாம் என்று உன் தோழி ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். கட்டுரை எழுத எனக்கு வராது. கடிதம் எழுத வரும். நீ படிப்பதற்கு முன்னால் வேறு யாராவது இதைப் படித்துவிடலாம். படிக்கட்டும்.

அன்று நடந்ததை உன் பக்கத்திலிருந்து நீ பார்த்தாய். என் பக்கத்திலிருந்து ஒரு முறை கேள். நீங்கள் எல்லாரும் உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து, ஆளுக்கொரு பலகையில் ஒட்டி மண்டபத்தில் நிறுத்தியிருந்தீர்கள். உன் அப்பா காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நானும் உன் பெரிய மாமியும் முன்னால் உள்ளே வந்தோம். பெரிய மாமி பட்டுச் சேலை கட்டியிருந்தார், ஏனென்றால் அவருடைய தாத்தாவின் படம் உன் பலகையில் நடுநாயகமாக இருக்கப் போகிறது என்று நீ முன்பே சொல்லிவிட்டாய். நான் மற்ற பிள்ளைகளின் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மெய் லிங்கின் கொள்ளுத்தாத்தா ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்தவர் என்று எழுதியிருந்தது. பந்திங்கிலிருந்து வரும் அந்தப் பெண் நூருல், தன் பூட்டன் ஜாவாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்ததையும், இரண்டு முறை தப்பி ஓடப் பார்த்துப் பிடிபட்டதையும் எழுதி, பக்கத்தில் ஒரு ஓடும் மனிதனைச் சிரிப்பாக வரைந்தும் வைத்திருந்தாள். அவளுடைய அம்மா அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

உன் பலகை அழகாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிவப்பு நூல் கடலைத் தாண்டிப் போய் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஊசியில் முடிந்தது. கொள்ளுத்தாத்தா வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றார். ரயில்வேயில் அவருக்குக் கொடுத்த நற்சான்றிதழ், குவார்ட்டர்ஸ் வீட்டின் படம், பெரிய மாமி பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேடயம், எல்லாம் இருந்தன. வலது பக்கத்தில், என் பக்கத்தில், நூல் இல்லை. ஊசி இல்லை. ஒரு சின்ன வெள்ளைத் தாளில் மலாயில் இரண்டு சொல் மட்டும் அச்சடித்து ஒட்டியிருந்தாய். தியாடா மக்லுமாட். விவரம் இல்லை.

கிள்ளானில் ஒரு கிளினிக்கில் இருபது வருடமாகப் பேர் பதிகிறவள் நான். வருகிற ஒவ்வொருவரிடமும் "ஐசி குடுங்க" என்று அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, விவரம் இல்லாமல் ஒரு படிவத்தையும் உள்ளே அனுப்பாதவள். என் சொந்த மகனின் பலகையில் எனக்கு விவரம் இல்லை. பக்கத்தில் நூருல் நின்றுகொண்டிருந்தாள். "கண்ணு, அந்தப் பேனாவக் கொஞ்சம் குடு" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தடித்த கருப்புப் பேனாவை மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். அந்தத் தாளைக் குறுக்கே அடித்தேன். கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதத் தொடங்கினேன். மற்றதெல்லாம் மலாயில் இருந்தது, என் கைக்குத் தமிழ்தான் வந்தது.

பெரிய மாமி என் முழங்கையைப் பிடித்தார். "என்ன பிள்ளை செய்யிறீர்? பொடியன்ர வேலையைப் பழுதாக்காதையும். இதெல்லாம் இங்க எழுதத் தேவையில்லை." நான், "மச்சாள், என் அப்பா பேர எழுதறேன். அதுக்கு யார்கிட்டயும் கேக்கணும்னு இல்ல" என்றேன். திருமணமாகி இருபத்து மூன்று வருடத்தில் நான் அவரிடம் எதிர்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அது. பலகை ஆடியது, எழுத்து கோணிக்கொண்டு போனது. அப்போது யாரோ பின்னாலிருந்து பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து அசையாமல் நிறுத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தால் உன் அப்பா. பிடித்துக்கொண்டே நின்றார். நான் எழுதி முடித்தேன். ‘மாரிமுத்து. கேரி தீவு. நாற்பத்தொரு வருடம் செம்பனைக் குலை அறுத்தவர். கைப்பிள்ளையாகக் கப்பலில் வந்து, சிவப்பு அடையாள அட்டையோடு இறந்தவர். இவருடைய மகள் நான்.’

அதற்குள் உங்கள் விரிவுரையாளர் வந்துவிட்டார். சின்னப் பெண், கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "கவின், நீங்க உங்க அம்மாவ பேட்டி எடுக்கவே இல்லையா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். உன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். நீ என்னைப் பார்த்தாய். "எடுத்தேன், மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே போய்விட்டாய். நீ சொன்னது உண்மை. நீ கேட்டாய். நான்தான் பொய் சொன்னேன். நான் பலகையில் எழுதியதற்கு வருந்தவில்லை. ஆனால் உன்னைப் பொய்யனாக நிற்க வைத்ததற்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். அதைத்தான் இப்போது சொல்கிறேன்.

நான் கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் கேரி தீவில், தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஒன்பதாவது வீட்டில் பிறந்தேன். அன்று மழை, தோட்டத்து லோரி சேற்றில் மாட்டிக்கொண்டது, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பக்கத்துக் கம்பத்துக் கிராமத்திலிருந்து வாக் சுமி என்ற ஜாவாக்கார அம்மா குடை பிடித்துக்கொண்டு வந்து என்னைக் கையில் வாங்கினார். எல்லாம் நல்லபடியாக நடந்தது. பிறப்பைப் பதிய மட்டும் யாரும் போகவில்லை. என் அப்பாவுக்கு அது அவ்வளவு முக்கியம் என்று தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எப்படியோ சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வயதில் என் வகுப்பே அடையாள அட்டை எடுக்கப் போனபோதுதான் எனக்கு எந்தப் பத்திரமும் இல்லை என்பது தெரிந்தது. பள்ளியின் கடைசிப் பரிட்சையான எஸ்பிஎம் வந்தது. அடையாள அட்டை இல்லாதவர் உட்கார முடியாது என்றார்கள். இடைநிலைப்பள்ளியில் தமிழிலும் கணக்கிலும் முதலாவதாக வந்தவள் நான். பரிட்சை நடந்த நாட்களில் செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கிள்ளானில் இருந்த பதிவு அலுவலகத்துக்கு அலைந்தார். பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் சம்பளம் போகும், அதை அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைந்தது. கடைசியில், பிறப்பை நேரில் பார்த்த ஒருவர் வந்து சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். என் அம்மா அதற்குள் காலமாகியிருந்தார். அப்பா வாக் சுமி வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். அந்த அம்மாவுக்கு அப்போது முழங்கால் வீங்கி நடக்கவே முடியாது. மூன்று முறை எங்களோடு பஸ்ஸில் வந்தார். மூன்றாவது முறை அதிகாரி, "இத்தனை வருஷத்துக்கு முன்னாடி நடந்தது உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று கேட்டார். வாக் சுமி மேசை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்து மலாயில் சொன்னதை நான் அப்படியே தமிழில் தருகிறேன். "இந்தக் கை ரெண்டுலதான் இந்தப் பொண்ணு விழுந்தா. என் பேரன் பேத்தி பதினோரு பேரு. அதுல ஒண்ணு குறைஞ்சா எனக்குத் தெரியாதா? இவ பிறந்தது எனக்குத் தெரியும். எழுதுங்க." அதிகாரி எழுதினார். குடியுரிமை உள்ளவர்களுக்குக் கொடுக்கும் நீல அட்டை எனக்குக் கிடைத்தபோது வயது இருபது.

அப்பாவுக்குக் கிடைக்கவில்லை, கடைசி வரை குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அட்டைதான். அவர் பிறந்தது இங்கே இல்லை. துறையூர்ப் பக்கம் ஏதோ ஒரு ஊர் என்பதற்கு மேல் அவருக்கே தெரியாது. விண்ணப்பம் போட்டார், மலாய்மொழிப் பரிட்சைக்குக் கூப்பிட்டார்கள். வாக் சுமியோடும் வேலையிடத்திலும் பேசுகிற மலாய் அவரிடம் தாராளமாக இருந்தது. அலுவலக மலாய் இல்லை. மூன்று முறை போய்விட்டு வந்து, நான்காவது முறை கடிதம் வந்தபோது, "விடும்மா. இந்த மரத்துக்கெல்லாம் நான் யாருன்னு தெரியும்" என்றார். நான் அப்போது சிரித்தேன். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபம் வருகிறது. அந்தக் கோபம் போக வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொண்டதில்லை.

பரிட்சையைத் தனியாக எழுதித் தேறி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் உன் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் காதல் கதையைக் கேட்டு நீ முகம் சுளிப்பாய், விட்டுவிடுகிறேன். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை, அக்காதான் வளர்த்தார். அந்த அக்காதான் உன் பெரிய மாமி. கெட்டவர் இல்லை. என் பிரசவத்தில் துணை நின்றவர், உனக்குக் காய்ச்சல் வந்தால் கண் மூடாதவர். திருமணத்துக்குச் சம்மதித்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எங்கட சனம் விடுத்து விடுத்துக் கேட்கும் பிள்ளை. கிள்ளான் எண்டு சொன்னாப் போதும். கிள்ளானும் பொய் இல்லைத்தானே." நான் தலையாட்டினேன். அன்றைக்கு ஆட்டிய தலை, கவின், மூன்று வாரத்துக்கு முன்னால் வரை ஆடிக்கொண்டே இருந்தது. யாராவது "எந்த ஊர்" என்றால் கிள்ளான். "கிள்ளான்ல எங்க" என்றால் பேச்சை மாற்று. கேரி தீவு என்ற பெயரே என் வாயில் வராமல் போனது.

உன் முதல் பிறந்தநாள் பெரிய மாமி வீட்டில் நடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தப் பழைய வீடு உனக்கு ஞாபகம் இருக்காது. முன்னால் சின்ன முற்றம், அதைச் சுற்றி செம்பருத்தி வேலி, ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. ஓய்வு பெற்ற அதிகாரிகள், டாக்டர்கள், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் என்று முப்பது பேர் இருந்திருப்பார்கள். உன் அப்பா கேக் எடுத்து வரப் போயிருந்தார். அப்போதுதான் உன் தாத்தா வந்தார். நான் அழைத்திருந்தேன், ஆனால் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். சலவை செய்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி நிறையக் கேரி தீவு நண்டு, உயிரோடு, மேலே ஈரச் சாக்கு. தன் பேரனுக்குத் தன் ஊரில் கிடைக்கிற உசத்தியான பொருளைக் கொண்டு வந்திருந்தார். வீட்டுக்குள்ளே அன்று பூசை முடிந்து மரக்கறிச் சாப்பாடு. சாக்கைத் தள்ளிக்கொண்டு ஒரு நண்டு கொடுக்கை நீட்டியது.

வாசலில் நின்ற ஒரு பெரியவர் பெரிய மாமியிடம், "ஆர் இவர்?" என்று கேட்டார். பெரிய மாமி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "கிள்ளானில இருந்து வந்தவர். தோட்ட வேலை செய்யிறவர்" என்றார். பார், அதிலும் பொய் இல்லை. அந்தப் பெரியவருக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்தான் தெரியும். "அப்ப நல்லதாப் போச்சு. எங்கட வீட்டுப் பக்கமும் ஒருக்கா வரச் சொல்லுங்கோ. புல்லு முழங்கால் அளவுக்கு வந்திட்டுது" என்றார். உன் தாத்தா இரண்டு பேருக்கும் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. என்னை ஒரு முறை பார்த்தார். நீ என் இடுப்பில் இருந்தாய், உன் கைக்குள் என் சங்கிலி. ‘இவர் என் அப்பா’ என்று சொல்ல ஒரு நொடி ஆகும். எனக்கு அந்த நொடி இருந்தது. நான் சொல்லவில்லை.

அவர் வாளியை வேலி ஓரமாக வைத்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டார். "கத்தரி இருக்குங்களா?" என்று பெரிய மாமியிடம் கேட்டார். மகளைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. உள்ளே உனக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள், கேக் வெட்டினார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் அந்த வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலியை ஒரு கோடு போல வெட்டிக்கொண்டே போனார். உன் அப்பா வெளியே ஓடி வந்து, "மாமா, என்ன மாமா இது? உள்ள வாங்க" என்று கையைப் பிடித்தார். தாத்தா, "சும்மா கையக் கட்டிக்கிட்டு நிக்க முடியல மாப்ள. நீங்க போங்க, விருந்தாளியப் பாருங்க" என்றார். உன் அப்பா போய்விட்டார். அவரும் சொல்லவில்லை. விருந்தினர்கள் கலைந்த பிறகு நான் வெளியே வந்தேன். "செடி ரொம்ப வளந்திருந்துச்சும்மா" என்றார். உன் கன்னத்தைத் தொடக் கையை நீட்டி, கையில் அழுக்கு என்று பின்னால் இழுத்துக்கொண்டார். நண்டு வாளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். அதற்கடுத்த வருடம் இறந்துபோனார். உன்னை அவர் தூக்கியதே இல்லை.

இப்போது உனக்குப் புரியும், நான் ஏன் உனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று. கேரி தீவைப் பற்றி ஒரு சொல் சொன்னால் அந்த வேலி வரை வந்து நிற்க வேண்டும். நான்காம் வகுப்பில் நீ வந்து, "தாத்தா என்னா வேல செஞ்சாங்க?" என்று கேட்டாய். "தெரியாதுப்பா" என்றேன். போன மாதம் போனில் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தி மேசை மேல் வைத்து, "மா, இப்ப உங்க சைடு சொல்லுங்க. தாத்தா பாட்டி எங்கேருந்து வந்தாங்க, கப்பல் பேரு, எல்லாம்" என்று உட்கார்ந்தாய். எவ்வளவு ஆசையாக உட்கார்ந்தாய். "ஒண்ணும் தெரியாதுப்பா. எல்லாரும் செத்துட்டாங்க" என்றேன். "ஏதாவது இருக்கும்லா மா. ஒரு பேராச்சும்" என்றாய். நான் எழுந்து அடுப்பை அணைக்கப் போனேன். அடுப்பு எரியவே இல்லை. அந்தப் பதிவை நீ அழிக்கவில்லை என்றால் கேட்டுப் பார், உன் அம்மா எப்படிப் பொய் சொல்கிறாள் என்று தெரியும். இதற்கு, இதற்கு மட்டும், நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பலகையைக் கெடுத்ததற்கு இல்லை. அந்தப் பலகையை நீ அப்படிச் செய்ய வேண்டி வந்ததற்கு.

நீ வெளியே போன பிறகு நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. காரில் திரும்பி வரும்போது பெரிய மாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். உன் அப்பாதான் பேசினார். "அக்கா, படத்தில எங்கட தாத்தா போட்டிருக்கிற கோட்டு ஆரின்ர கோட்டு?" பதிலையும் அவரே சொன்னார். "ஸ்டூடியோக்காரன்ர கோட்டு. எங்கட அப்பா எனக்குச் சொன்னவர். வந்த முதல் மூண்டு வருசம் அவர் ஸ்டேசனில மூட்டை தூக்கினவர், அக்கா. எழுதுவினைஞர் வேலை பிறகுதான் கிடைச்சது. நாங்களும் நடுவில இருந்துதான் கதையைத் தொடங்கியிருக்கிறம்." ஒரு சிவப்பு விளக்கு போய், இரண்டாவது விளக்கில் பெரிய மாமி மெல்லச் சொன்னார். "மூண்டு வருசம் இல்லை. ஆறு." பிறகு அவர் அழுதார். இறங்கும்போது என் கையைப் பிடித்து, "அண்டைக்கு அவரை நான் உள்ள கூப்பிட்டிருக்க வேணும்" என்றார். "ஆமா மச்சாள், கூப்பிட்டிருக்கணும். நானும் கூப்பிட்டிருக்கணும்" என்றேன். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லியே இந்த வீட்டில் ஒரு மனிதர் இல்லாமல் போனார்.

அறிவுரை இல்லாமல் ஒரு அம்மா கடிதம் எழுத முடியாது, அதனால் கேட்டுக்கொள். விடுதியில் ஒருவன் உன்னிடம் ‘பாலிக் இந்தியா’, உன் நாட்டுக்கே திரும்பிப் போ என்று சொன்னதாகவும், நீ பேசாமல் வந்துவிட்டதாகவும் போன வருடம் சொன்னாய். நானும் அப்போது "பேசாம இருந்ததே நல்லது" என்றேன். அந்தப் புத்திமதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்தத் தீபகற்பத்தின் மண்ணை உன் தாத்தா நாற்பத்தொரு வருடம் நடந்து அளந்திருக்கிறார். என் பிறப்புக்குச் சாட்சி சொன்னவர் ஒரு ஜாவாக்கார அம்மா, அவருடைய சொல்லால்தான் நானும் நீயும் இந்த நாட்டின் ஏட்டில் இருக்கிறோம். திரும்பிப் போ என்றால் எங்கே போவது என்று கேள். குரலை உயர்த்தாமல் கேள், ஆனால் கேள். நம் ஆட்களிலேயே, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, "நீங்க எந்த ஆளுங்க, பூர்வீகம் எது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் வருவார்கள். நாளைக்கு உனக்குப் பெண் பார்க்கும்போது கட்டாயம் வருவார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான். கிள்ளான் என்று சொல்லி ஒளிந்துகொள்ளாதே. அந்தப் பதிலைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும், வழி விடு.

ஆனால் இதை ஒரு பதக்கமாகவும் குத்திக்கொள்ளாதே. இப்போது அதுவும் நடக்கிறது. மேடையில் ஏறித் தோட்டத்துப் பேரன் என்று கைதட்டு வாங்கிவிட்டு, கீழே இறங்கியதும் கக்கூஸ் கழுவுகிற பங்களாதேஷ்காரனைப் பார்க்காமல் நடக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிளினிக்குக்கு அந்தப் பையன்கள் வருகிறார்கள். கேரி தீவில் இன்று குலை அறுப்பது அவர்களில் பலர்தான். தாளில் பெயர் தப்பாக இருக்கும், முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்கள் மூக்கைப் பொத்துவார்கள். உன் தாத்தாவைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அப்படி ஒருவனிடம் அவன் பெயரைக் கேட்டுப் பார். உன் அப்பாவின் பக்கத்தையும் கீழே தள்ளாதே. ஆறு வருடம் மூட்டை தூக்கியவரும் உன் இரத்தம்தான். கோட்டை மட்டும் ஸ்டூடியோவுக்குத் திருப்பிக் கொடுத்துவிடு.

பெரிய மாமி இனி உன் முகத்தில் விழிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீதான் அவரைக் கூப்பிட வேண்டும். என் மேல் உள்ள கோபத்தை நீ வைத்துக்கொள்ளலாம், எனக்கு அவசரம் இல்லை. நானும் என் கோபத்தை இருபது வருடம் வைத்திருந்தேன், அது கெட்டுப்போகவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். இனி யார் கேட்டாலும், யார் முன்னாடி கேட்டாலும், நான் சொல்வேன். உன் பட்டமளிப்பில் கேட்டாலும் சொல்வேன். உன் கல்யாண மண்டபத்தில், மைக்கில் கேட்டாலும் சொல்வேன். அதற்குத் தயாராக இரு.

இத்தோடு முடிக்கலாம் என்று இருந்தேன். இப்போது, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கவுண்டரில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. உன் செய்தி. மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரே வரி. வணக்கம் இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை. "மா, ஃபைனல் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை. தாத்தா பேரு ஸ்பெல்லிங் என்னா?"

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். வரிசையில் காத்திருந்த ஒரு ஆன்டி, "என்னாம்மா, ஏதும் கெட்ட செய்தியா?" என்று கேட்கும் அளவுக்கு என் கண் இருந்தது என்று மட்டும் தெரிந்துகொள். உன் கேள்விக்குப் பதில் இதுதான். ஸ்பெல்லிங் மூன்று இருக்கிறது. தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில் ஒன்று, சிவப்பு அட்டையில் ஒன்று, இறப்புச் சான்றிதழில் ஒன்று. மூன்றையும் எழுதியது மூன்று அலுவலகக் கிராணிகள், ஒருவரும் அவரிடம் கேட்டு எழுதவில்லை. தோட்டத்துப் பள்ளியில் மூன்று வருடம் படித்தவர் அவர், தன் பெயரைத் தானே எழுதத் தெரியும், ஒரே ஒரு விதமாகத்தான் எழுதுவார். மாரிமுத்து. அப்படியே தமிழில் எழுது. படிக்கத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், நீ எழுந்து நின்று வாசித்துக் காட்டு.

உன் அம்மா